கற்பனை மொழிக்கு எழுத்து உருவாக்க

முதலில் ஒலிகளை எழுதி வையுங்கள். என் மொழியில் 14 மெய், 5 உயிர். உறவுள்ள ஒலிகளுக்கு உறவுள்ள வடிவம் கொடுங்கள். இதற்குக் கொரிய ஹங்குலைவிட நல்ல ஆசான் எனக்குக் கிடைக்கவில்லை. 1446-இல் மன்னர் செஜோங் வெளியிட்ட அந்த எழுத்தில், 'ந' என்பது நாக்கு நுனி மேலே தொடும் தோற்றம். ஒரு கோடு சேர்த்தால் 'த'. இன்னொன்று சேர்த்தால் மூச்சோடு வரும் 'த'. எவ்வளவு அழகு!

அப்புறம், ஒவ்வொரு எழுத்தையும் மைப்பேனாவால் வேகமாக 50 முறை எழுதுங்கள். என் 'ப'வின் மூலைகள் 20-ஆவது முறையிலேயே வளைந்துவிட்டன. கை கேட்டது அதைத்தான், அப்படியே விட்டேன். ஆனால் அது 'வ'வோடு குழம்பியது. சரி, 'வ'வுக்கு ஒரு வால் போட்டேன்.

ஒரு பக்கம் எழுதி, ஒரு வாரம் கழித்து வாசியுங்கள். தடுக்கிய எழுத்தை மட்டும் மாற்றுங்கள்.