தேதியை நீங்கள் எழுதாதீர்கள்: வீடு கட்டும் வேலையை மென்பொருளில் திட்டமிடும்போது நேரும் தவறுகள்

மென்பொருளில் போட்ட கட்டுமானத் திட்டம் ஒன்று உருப்படியானதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அஸ்திவாரம் தோண்டும் வேலைக்கு இன்னும் இரண்டு வாரம் கூட்டுங்கள். பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயின்டிங் இரண்டு வாரம் தள்ளிப் போக வேண்டும். போகாமல் பழைய தேதியிலேயே நின்றால், உங்களிடம் இருப்பது கட்டம் போட்டு அச்சடித்த காலண்டர்.

தனி வீடு கட்டித் தரும் சிறு கான்ட்ராக்டர்கள், சைட் இன்ஜினியர்கள் பலர் இப்போது மைக்ரோசாஃப்ட் புராஜெக்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்லிப்ரேயிலோ திட்டம் போடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு பிரிண்ட் எடுத்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். பிறகு வேலை இழுக்கும்போது, "இதெல்லாம் நம்ம ஊரு சைட்டுக்கு ஒத்துவராது" என்ற பேச்சு எழுகிறது. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் ஊர் மேஸ்திரி மனதில் போடும் கணக்கும் இந்த மென்பொருள் போடும் கணக்கும் ஒன்றுதான்: எது முடிந்தால் எதைத் தொடங்கலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள். அந்தக் கணக்கைப் போடவே விடாமல் விடையை மட்டும் நாம் எழுதி வைப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிளைத்தவை.

பட்டை வரைவது திட்டமிடுவது ஆகாது

திரையில் தெரியும் நீளப் பட்டைகளுக்கு ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். 1910களில் அவர் பரப்பிய முறை அது. எந்த வேலை எந்தத் தேதியில் என்று பட்டை காட்டும். எதனால் அந்தத் தேதி என்பதை அந்தப் பழைய பட்டை சொல்லாது. 1957 வாக்கில் டியூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறை அந்தக் குறையைத் தீர்த்தது. வேலைகளை ஒன்றோடொன்று இணைத்து, எந்தத் தொடர் மொத்தக் காலத்தையும் தீர்மானிக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது அது. இன்றைய மென்பொருளின் முகத்தில் தெரிவது காண்டின் பட்டை; உள்ளே ஓடுவது வாக்கரும் கெல்லியும் போட்ட கணக்கு. முகத்தைப் பார்த்துவிட்டு, எக்செல்லில் செய்வதுபோல் வரிசையாகத் தேதிகளை நிரப்பிவிடுகிறோம்.

அப்படி நிரப்பும்போது உள்ளே நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் தானாகக் கணக்கிடப்படும் ஒரு வேலைக்குத் தொடக்கத் தேதியை நீங்களே தட்டினால், 'இந்தத் தேதிக்கு முன் தொடங்கவே கூடாது' என்ற கட்டுப்பாடு அந்த வரியில் ஒட்டிக்கொள்ளும். வரியின் இடப்பக்கம் சின்னக் காலண்டர் படம் ஒன்று தோன்றும். முந்தைய வேலை ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தாலும் இந்த வரி முன்னால் நகராது. 2010 பதிப்பிலிருந்து இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. புதிதாகச் சேர்க்கும் வேலைகள், தேதியை நாமே போட வேண்டிய மேனுவல் ஷெட்யூல் நிலையில்தான் வரும், குத்தூசிப் படத்தோடு. திரையின் அடியில் 'நியூ டாஸ்க்ஸ்' என்று இருக்கும் இடத்தில் ஆட்டோ ஷெட்யூல்டு என்று மாற்றிவிட்டு முதல் வரியை எழுதத் தொடங்குங்கள். அதன் பிறகு நீங்கள் கொடுக்க வேண்டியவை மூன்று: வேலையின் பெயர், எத்தனை நாள், எதற்குப் பிறகு. தேதிப் பத்தியில் கை வைக்க வேண்டாம்.

கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அந்தத் தேதியை எங்கே போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்', அதாவது இந்த நாளில்தான் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் கடைசி வரி அந்தத் தேதியில் ஆணி அடித்ததுபோல் நிற்கும், நிஜம் எங்கே போனாலும். அதற்கென்றே டெட்லைன் என்று தனிப் புலம் இருக்கிறது. அதில் போட்டால் வரைபடத்தில் பச்சை அம்புக்குறி விழும். வேலையின் தேதியை அது நகர்த்தாது. கணக்கு அந்த அம்பைத் தாண்டிப் போனால் சிவப்பு எச்சரிக்கை காட்டும். முகூர்த்தத்துக்கு நான்கு மாதம் முன்பே அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் செய்வதற்கு ஏதாவது இருக்கும்.

கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

மென்பொருளோடு வரும் காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று இருக்கும். நம் சைட்டில் சனிக்கிழமை முழு வேலை; அன்று மாலைதான் வாரக்கூலி. இதை மாற்றாமலே திட்டம் போட்டால் வாரத்துக்கு ஒரு வேலை நாள் கணக்கில் காணாமல் போகும்.

அதைவிட மோசமான பிழை கான்கிரீட் இறுகுவதில் வருகிறது. கான்கிரீட் தளம் போட்ட பிறகு அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பதற்குக் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000 வழிகாட்டுகிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் தாங்கிகளுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இவை காலண்டர் நாட்கள். கொத்தனாருக்கு விடுமுறை உண்டு, சிமென்ட்டுக்கு இல்லை. ஒரு வியாழக்கிழமை தளம் போட்டதாக வைத்துக்கொள்வோம். 'முட்டு எடுக்கக் காத்திருத்தல் – 14 நாள்' என்று எழுதினால், மென்பொருள் வெள்ளியில் தொடங்கிச் சனி ஞாயிறுகளைத் தவிர்த்து எண்ணி, மூன்றாவது வாரம் புதன்கிழமையில் வந்து நிற்கும். அதாவது 20 நாள். உண்மையில் இரண்டு வாரம் கழித்து வரும் வியாழனே போதும். ஒரு தளத்துக்கு 6 நாள் வீண். தரைத்தளம், முதல் தளம் என்று இரண்டு தளம் போட்டால் 12 நாள். கான்கிரீட் ஊற்ற அடியில் பரப்பும் சென்டரிங் ஷீட்டுக்கும் முட்டுக்கும் நாள் வாடகை கொடுப்பவருக்கு இது நேரடிச் செலவு.

இதற்குத் தீர்வு ஓர் எழுத்துதான். கால அளவைத் தட்டும்போது 'டேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஆங்கில 'ஈ' (e) எழுத்தைச் சேர்த்தால் விடுமுறை பார்க்காமல் இரவு பகலாக எண்ணும். காத்திருப்பை இரண்டு வேலைகளை இணைக்கும்போதே நடுவில் விடும் இடைவெளியாகவும் (லேக்) போடலாம். ஆனால் அது பட்டியலில் கண்ணில் படாது. தனி வரியாக எழுதுவதையே நான் விரும்புகிறேன், மேஸ்திரியும் வீட்டுக்காரரும் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நீராற்றுவதும் அப்படியே. கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி என்ற கலப்பு சிமென்ட்தான். தனி வரி இல்லாவிட்டால் நான்காம் நாளே ஹோஸ் பைப் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

காலண்டரில் விடுமுறைகளையும் நேர்மையாகப் போடுங்கள். பொங்கலுக்கு அரசு விடுமுறை இத்தனை நாள் என்று பார்க்காதீர்கள். ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வருவது எப்போது என்று பாருங்கள். மார்கழியில் வீடு குடிபுகுவதில்லை என்பதால் பலர் தை முகூர்த்தம் குறிக்கிறார்கள். அப்படியானால் வெளிப்பூச்சும் வெளிச்சுவர் பெயின்டிங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும், கடைசிக் கட்ட வேலை பொங்கல் விடுமுறையில் மாட்டும். மழை மாதங்களில் வெளிவேலைக்கு மட்டும் தனிக் காலண்டர் ஒன்று உருவாக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாளைக் கழித்துவிட்டால், இந்த நெருக்கடி பூமி பூஜை போடும்போதே திரையில் தெரிந்துவிடும்.

'எலக்ட்ரிகல் – 30 நாள்'

இந்த மாதிரி வரியைப் பார்த்தாலே எனக்குக் கவலை வந்துவிடும். எலக்ட்ரீஷியன் ஒரு வீட்டுக்கு ஒரே மூச்சில் வந்து வேலை பார்ப்பதில்லை. தளத்துக்குக் கம்பி கட்டும்போது வந்து, கான்கிரீட் போடுமுன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க வேண்டும். சுவர் எழும்பியதும் பூச்சுக்கு முன் வந்து, சுவரில் காடி (பள்ளம்) வெட்டி பைப்பும் பெட்டிகளும் பதிக்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகு ஒயர் இழுக்க வேண்டும். பெயின்டிங் முடியும் தறுவாயில் ஸ்விட்சும் விளக்கும். மாதக்கணக்கில் பரந்து கிடக்கும் நான்கு வருகைகள் இவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வேலை, பின்னால் ஒரு வேலை. நான்கையும் ஒரே பட்டையில் அடைத்தால் எதோடும் இணைக்க முடியாது. இணைக்க முடியாததால் தேதியைத் தட்டுவீர்கள், மறுபடி முதல் தவறில் போய் நிற்பீர்கள். பூச்சு முடிந்த சுவரை உடைத்துக் காடி வெட்டும் அவலம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பிளம்பிங்கும் அப்படித்தான். குளியலறையில் பைப் பதித்தல், வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்தல், டைல்ஸ் ஒட்டுதல் எல்லாம் தனித்தனி வரி. கசிவு பார்க்கும் வரியை விட்டுவிட்டால் டைல்ஸ்காரர் அடுத்த நாளே வந்து ஒட்டிவிட்டுப் போவார்.

இதற்கு நேர் எதிராக, அறுநூறு வரி எழுதி வைப்பவர்களும் உண்டு. ஒரு நாளுக்குக் குறைவான வேலைக்குத் தனி வரி தேவையில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் வேலையை ஒரே வரியாக விடவும் வேண்டாம் என்பது என் அளவுகோல்.

கொத்து வேலைகளை மட்டும் எழுதிவிட்டு, வாங்க வேண்டியவற்றையும் முடிவெடுக்க வேண்டியவற்றையும் விட்டுவிடுவது இன்னொரு குறை. யுபிவிசி என்ற பிளாஸ்டிக் வகை ஜன்னலுக்குச் சுவரில் திறப்பு தயாரானதும் அளவெடுத்துப் போய்த்தான் செய்வார்கள். அளவெடுப்பு, தயாரிப்பு, பொருத்துதல் மூன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும். 'வீட்டுக்காரர் டைல்ஸ் தேர்ந்தெடுத்தல்' என்பதும் ஒரு வரிதான். அவர் பெயரையே அதற்குப் பொறுப்பாகப் போடுங்கள்.

ஒரே கம்பிக் குழு, மூன்று கோப்பு

சிறு கான்ட்ராக்டரிடம் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடு நடக்கும். கம்பி கட்டும் குழுவும் சென்டரிங் குழுவும் ஒன்றே. வீட்டுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியே போட்டால், ஒரே குழு ஒரே நாளில் தாம்பரத்திலும் மறைமலை நகரிலும் வேலை செய்வதாக இருக்கும். எந்தக் கோப்பும் அதைக் கண்டுபிடிக்காது. குழுக்களை ஒரு பொதுக் கோப்பில் வைத்து எல்லாத் திட்டங்களும் அதையே எடுத்துக்கொள்ளும்படி இணைக்க வசதி இருக்கிறது. ரிசோர்ஸ் பூல் என்பார்கள். இணைத்துவிட்டால் மோதும் வரிகளில் சிவப்பு மனித உருவம் தோன்றும். ஒரு சைட்டை மூன்று நாள் தள்ளுவதா, வேறு குழு பார்ப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

திட்டம் போட்ட பிறகு

வீட்டுக்காரரும் நீங்களும் ஒத்துக்கொண்ட அன்றே பேஸ்லைன் பதித்துவிடுங்கள். அது ஒரு புகைப்படம்போல் அன்றைய தேதிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும். பதிக்காமல் வாராவாரம் தேதி மாற்றிக்கொண்டே போனால் திட்டம் எப்போதும் சரியாகவே ஓடுவதாகத் தோன்றும். எங்கே எத்தனை நாள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தாமதம் ஆகும்போதெல்லாம் புதிதாகப் பேஸ்லைன் பதிப்பதும் அதே ஏமாற்றுதான்.

முன்னேற்றத்தைச் சதவீதத்தில் கேட்காதீர்கள். "பூச்சு எவ்வளவு ஆச்சு?" என்றால் "எண்பது பர்சன்ட் சார்" என்பார்கள், அடுத்த வாரமும் அதே எண்பதுதான். "இன்னும் எத்தனை நாள் ஆகும்ணே?" என்று மேஸ்திரியைக் கேட்டு, அந்த எண்ணை மீதிக் காலம் என்ற பத்தியில் போடுங்கள். அவர் அதற்குப் பதில் சொல்லும்போது மனதில் அறை அறையாக எண்ணிப் பார்ப்பார்.

சைட்டில் யாரும் முழு வரைபடத்தைப் படிக்கப் போவதில்லை. வரும் இரண்டு வார வேலையை மட்டும் வடிகட்டித் தமிழில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, சிமென்ட் ஷெட்டில் ஒட்டுங்கள். மேஸ்திரி அதில் பேனாவால் திருத்தினால், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அந்தத் தாளை வாங்கிவந்து கோப்பில் ஏற்றுங்கள்.

நடுவில் வீட்டுக்காரர் சமையலறைச் சுவரை இரண்டடி தள்ளச் சொல்வார். அந்த இடத்திலேயே சரி என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டாம். சுவர் இடிப்பது, புதிதாக எழுப்புவது, நீராற்றுவது, பைப் மாற்றுவது என்று நான்கு வரியைக் கோப்பின் பிரதியில் சேர்த்து, உரிய வேலைகளோடு இணைத்து, முகூர்த்தத்தின் பச்சை அம்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று அவருக்கே திரையில் காட்டுங்கள். சுவரை நகர்த்துவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும்.