கோர் டலேன் பாதையில் ஓடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தின் வடபகுதியில், முல்லன் என்ற மலையூரில் தொடங்கி பிளம்மர் வரை 117 கிலோமீட்டர் நீள்கிறது கோர் டலேன் பாதை. ஒரு காலத்தில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 2004-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். முதலில் மலைப் பள்ளத்தாக்கு, பிறகு ஆற்றங்கரை, அடுத்தடுத்துச் சிற்றேரிகள், கடைசியில் விரிந்து கிடக்கும் பெரிய ஏரி. மெதுவோட்டம் போகிறவர்களுக்கு இப்படி ஒரு பாதை அமைவது அபூர்வம். ஆனால் வேறு பாதைகளில் நல்ல பழக்கமாக இருப்பதே இங்கே கெடுதலாக முடியலாம்.

முதல் தவறு, தாரை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி ஓடுவது. முழங்காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அனுபவசாலிகளே அப்படிச் செய்வார்கள். வேறு இடங்களில் அது நல்ல யோசனைதான். இங்கே வேண்டவே வேண்டாம். 1880-களில் வெள்ளிச் சுரங்கங்களுக்காகப் போட்ட ரயில் பாதை இது. தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கக் கழிவையே பரப்பினார்கள். வண்டிகளிலிருந்து தாதுப்பொடியும் வழியெல்லாம் சிந்தியது. போதாததற்கு, 1968 வரை கழிவு நேராக ஆற்றிலேயே கலந்தது. வெள்ளம் வந்தபோதெல்லாம் அது கரையிலும் சதுப்பிலும் படிந்தது. அந்த மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. சதுப்பில் இரை தேடும் அன்னங்கள் ஈய நஞ்சால் செத்திருக்கின்றன. நீங்கள் கால் பதிக்கும் தார், அந்த நஞ்சு மேலே வராமல் போட்ட மூடி. அரசும் ரயில் நிறுவனமும் கோர் டலேன் பழங்குடியினரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அதை மதித்து அதன் மேலேயே ஓடுங்கள். கால் வலித்தால் வேகத்தைக் குறையுங்கள், நடந்து செல்லுங்கள்.

இதோடு சேர்ந்ததே கை கழுவாமல் சாப்பிடும் பழக்கம். காலணிக் கயிற்றைக் கட்டிய கையாலேயே பேரீச்சம்பழத்தையோ ஓட்டக்காரர்கள் சாப்பிடும் சத்து ஜெல்லையோ பிரித்து வாயில் போட்டுக்கொள்வோம். ஈயம் பெரும்பாலும் உடம்புக்குள் போகும் வழி அதுதான். ஆங்காங்கே மேசை போட்ட ஓய்விடங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து, கையையும் முகத்தையும் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். திரும்பியதும் காலணியிலுள்ள மண்ணைத் தட்டித் துடைத்த பிறகே காரில் ஏறுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. நாயை அழைத்துப்போனால், ஓரத்துக் குட்டைத் தண்ணீரை நக்க விடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான். ஆறு கண்ணாடி மாதிரி தெளிந்து ஓடும். அதனால் குடிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வடிகட்டும் புட்டியை நம்பியும் இறங்காதீர்கள். பல வடிகட்டிகள் கிருமியைத்தான் தடுக்கும், கரைந்திருக்கும் உலோகத்தை அல்ல. சில ஓய்விடங்களில் குழாய் இருக்காது என்பதால், தேவையான தண்ணீரை முதுகிலோ இடுப்பிலோ சுமந்தே போக வேண்டும்.

அடுத்தது, ரயில் பாதையின் சரிவைக் குறைத்து மதிப்பிடுவது. சரக்கு ரயிலுக்கு நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம் என்பதே அதிகம். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் உடனே உறைக்காது. பிளம்மரில் காரை நிறுத்திவிட்டு ஏரியை நோக்கிக் காட்டு வழியாக ஓடிப் பாருங்கள். மூச்சு சீராக இருக்கும், கடிகாரம் நல்ல வேகம் காட்டும், இன்றைக்கு உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறது என்றே தோன்றும். உண்மையில் நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். திரும்பும்போது அந்த ஏற்றம் முழுவதையும் களைத்த காலோடு ஏற வேண்டும். முல்லனிலிருந்து அடுத்த ஊரான வாலஸ் பக்கம் ஓடுகிறவர்களுக்கும் இதே கதைதான். போகும்போது தெம்பில் பாதியை மிச்சம் வையுங்கள். பாதிக்கும் சற்று அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது.

சமதளமாக இருக்கும் நடுப்பகுதியில் வேறு தொல்லை. மேடு பள்ளமுள்ள வழியில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும். இங்கே மணிக்கணக்கில் ஒரே தசை, ஒரே கோணம், ஒரே அடி. கெண்டைக்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் வேண்டுமென்றே நடப்பது நல்லது. வழியில் உள்ள குறிகள் மைல் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். பத்து என்றால் பதினாறு கிலோமீட்டர். ஏரிகளை ஒட்டிய நீளமான துண்டுகளில் சாலையோ கடையோ பக்கத்தில் இராது. கைப்பேசியை மட்டும் நம்பிப் போகாமல், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடப்பக்கப் போக்குவரத்தில் வளர்ந்த கால் தானாக இடப்பக்கம் ஒதுங்கும். அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். பின்னால் வரும் சைக்கிள்காரர் 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் கொடுத்தால், அவர் உங்களை இடப்பக்கமாகக் கடக்கப் போகிறார் என்று பொருள். பதறி இடப்பக்கம் நகர்ந்தால் நேராக அவர் மேல் போய் விழுவீர்கள். வலப்பக்கமே இருங்கள், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டால் அந்தக் குரலே கேட்காது.

சிற்றேரிப் பகுதியில் மூஸ் மான் அடிக்கடி தென்படும். குதிரையைவிட உயரமாக நிற்கும் அது, முழங்கால் ஆழத் தண்ணீரில் தலையை அமிழ்த்தி நீர்ச்செடியை இழுத்து மெல்வது பார்க்கத் திகட்டாத காட்சி. படம் எடுக்கும் ஆசையில் நெருங்குவதுதான் தவறு. காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே விலகி, தடித்த மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். அந்த நேரத்தில் மட்டும் தாரை விட்டு இறங்கலாம். பாதையின் குறுக்கே நின்றால் காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள். குட்டியோடு நிற்கும் தாயைக் கடந்து போக முயலவே கூடாது.

ஆகஸ்டு மாதத்தில் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் தேங்கும். கிளம்பும் அன்று காலையில் காற்றின் தரத்தைப் பாருங்கள். எதிர்மலை மங்கலாகத் தெரிந்தால் அன்றைய ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.