வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் பாரத்தோடே திரும்புவது ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வீட்டு ஜெபம் நடத்தக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளைப் பார்த்தால், இதில் பழகியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் இடறிய அதே கல்லில்தான் அவர்களும் இடறுகிறார்கள். கிட்டார் சுருதி சேராதது, வசனம் தேடிப் பக்கம் புரட்டித் தடுமாறுவது எல்லாம் நாலு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதற்குக் கட்டுரை தேவையில்லை. வேலையிடத்து மேற்பார்வையாளரான மண்டோரோடு மூண்ட எரிச்சல், வீட்டுத் தவணை, பிள்ளையின் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவு என்று எதையோ நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தவர், ஒன்றரை மணி நேரம் பாடி ஜெபித்த பிறகும் அதே முகத்தோடு செருப்பை மாட்டுகிறாரே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

முறையீடு முடியுமுன்னே துதிக்குத் தாவுவது

எங்கு பார்த்தாலும் இதுதான். லயத்து வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் மெல்ல வாயைத் திறக்கிறார். மழையால் இந்த மாதம் குலை குறைவு, சம்பளம் பத்தாது, எல்லார் முன்னாலும் மண்டோர் ஏசினார், பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே நடத்துபவர் குறுக்கே வருகிறார்: "அண்ணே, அதெல்லாம் கர்த்தர் பாத்துக்குவாரு. கவலப்பட்டா அவிசுவாசம். ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க!" உடனே கைத்தட்டுப் பாட்டு. அண்ணனும் தட்டுகிறார், வேறென்ன செய்வார்? வீட்டுக்குப் போனதும் பையன் கதவைச் சாத்தியது பிடிக்காமல் அவன்மேல் எரிந்து விழுகிறார். மறுவாரம் ஆள் வருவதில்லை. "பின்வாங்கிட்டாரு" என்று பேர் கட்டிவிடுகிறோம்.

அவர் பின்வாங்கவில்லை. நாம்தான் அவர் வாயை அடைத்தோம். வரும்போது அவரிடம் சம்பளக் கவலை ஒன்று மட்டும் இருந்தது. போகும்போது, கவலைப்பட்டதே பாவமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

இப்படிச் செய்பவர்கள் கையில் எடுக்கும் கம்பு பிலிப்பியர் 4:6. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வசனம் அங்கே முடியவில்லை. உங்கள் விண்ணப்பங்களை ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று மேலே போகிறது. தெரியப்படுத்தச் சொன்ன இடத்தில் வாயை மூடச் சொல்வது எந்த நியாயம்? எழுதிய பவுல் அப்போது விலங்கில் இருந்தார். அதே நிருபத்தில் 2:28-இல், "என் துக்கம் குறையவும்" எப்பாப்பிரோதீத்துவை அனுப்புகிறேன் என்கிறார். தன் துக்கத்தை ஒளிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 4:6-இல் கவலைப்படுவதற்கு வரும் கிரேக்க வினைச்சொல்தான் 2:20-இல் தீமோத்தேயு அந்தச் சபையை உண்மையாய் விசாரிப்பான் என்ற இடத்திலும் வருகிறது. அங்கே அது பாராட்டு. அக்கறையையே குற்றமாக்க இந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நாலு அதிகாரத்தையும் ஒருமுறை உட்கார்ந்து படிக்கட்டும்.

சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். அதில் பழக ஏற்றது 13ஆம் சங்கீதம். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். வீட்டு ஜெபத்தையும் இதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் பேச வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் வெளியே மோட்டார் போகும் சத்தமும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு ஒருவர் 13ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். அதன்பின் விரும்பியவர்கள் தங்கள் பாரத்தைக் கர்த்தரைப் பார்த்து இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லட்டும். "ஆண்டவரே, மண்டோர் என்னை எல்லார் முன்னாலும் ஏசினார், எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, எதுவரைக்கும் இப்படி?" என்கிற மாதிரி. ஒவ்வொருவர் முடித்ததும் மற்றவர்கள் "கர்த்தாவே, கேட்டருளும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். சொல்ல விரும்பாதவரைச் சுற்றிப் பார்த்துக் கட்டாயப்படுத்தக் கூடாது.

அடுத்தது விண்ணப்பம். இதில் விவரம் வேண்டும். "பணக் கஷ்டம் தீரட்டும்" என்றால் மனம் பிடிமானமில்லாமல் அலைந்துகொண்டே இருக்கும். "15ஆம் தேதிக்குள் தவணை 480 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும், 200 குறைகிறது" என்று சொல்லிப் பாருங்கள். முகம் தெரியாத பூதம் போல நின்ற கவலை, இவ்வளவுதான் என்று ஓர் அளவுக்குள் வந்து நிற்கும். பாட்டு இதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வரிசையில் மூன்று இடத்தில் கெடும். ஒருவர் கர்த்தரிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் மேல் புகார் வாசிக்கத் தொடங்குவார். "ஆண்டவரே என்று தொடங்குங்கக்கா" என்று மெதுவாகத் திருப்பிவிட்டால் போதும். இன்னொருவர் சொன்ன கஷ்டத்துக்கு உடனே ஆலோசனை சொல்ல ஓர் ஐயா கிளம்புவார். அவரைத் தேநீர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, சிலருக்கு அன்றைக்குத் துதி வாயில் வரவே வராது. விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதம் அப்படித்தான். "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது, பிறகு பாட்டு இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இந்த முறை வேலை செய்யுமா என்று கேட்பவர்கள் 1 சாமுவேல் 1ஆம் அதிகாரத்தில் பிள்ளையில்லாத அன்னாளைப் பார்க்கட்டும். மனக்கிலேசத்தோடு அழுது, இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். 18ஆம் வசனத்தில் போய்ச் சாப்பிடுகிறாள், அப்புறம் அவள் முகம் துக்கமாக இல்லை. பிள்ளை அதற்குப் பிறகுதான். ஊற்றியபோதே பாரம் இறங்கிவிட்டது. அவள் உதடு அசைவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்த ஆசாரியன் ஏலியின் இடத்தில் நாம் போய் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

வேகப் பாட்டிலேயே ஓட்டிவிடுவது

நான்கு பாட்டும் கைத்தட்டுப் பாட்டாக இருந்தால் உற்சாகம் வரும், பதற்றம் இறங்காது. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். நீண்ட வரியை நிதானமாகப் பாடும்போது அந்த மூச்சு நீள்கிறது. வேகப் பாட்டில் மூச்சு துண்டு துண்டாகிறது. ஆகவே முறையீட்டுக்குப் பின் வரும் முதல் பாட்டு நிமிடத்துக்கு 60, 70 தட்டுக்குள் இருக்கட்டும். கீபோர்டில் எண்ணைப் பார்த்தே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் மனப்பாடமான கீர்த்தனை நல்லது. புதுப் பாட்டென்றால் கண் கைப்பேசித் திரையிலேயே கிடக்கும். சுருதியையும் இரண்டு மூன்று கட்டை இறக்குங்கள். நாளெல்லாம் வேலை செய்த தொண்டை உச்சத்தில் போய்த் திணறினால் பாட்டே இன்னொரு கஷ்டமாகிவிடும்.

இரண்டாவது பாட்டில் வேகம் ஏறலாம். அதற்குள் மனம் ஆயத்தமாகியிருக்கும்.

பதினைந்து பேருக்கு ஸ்பீக்கர்

வேண்டாம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கலாம், இரவு வேலை முடித்துப் படுத்தவர் இருக்கலாம்.

விடியற்காலை வேலைக்காரரை முழு இரவு ஜெபத்துக்கு இழுப்பது

வெயில் ஏறினால் ரப்பர் மரத்துக்குள் பாலின் அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் பால்வெட்டு இருட்டோடே தொடங்குகிறது. நாலரைக்கு எழ வேண்டிய அக்காவை விடிய விடிய உட்கார வைத்தால், கூர்க்கத்தியோடு தூக்கக் கலக்கத்தில் மலைக்காட்டுக்கு அனுப்புகிறோம் என்று பொருள். ஈப்போ தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகிறவருக்கும் இதே ஆபத்துதான். தூக்கம் கெட்டால் எரிச்சலும் பதற்றமும் கூடும், குறையாது.

எலியா சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழே படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது நாற்பது நாள் கழித்து. முழு இரவு ஜெபம் வேண்டுமென்றால் மறுநாள் விடுமுறையாக இருக்கிற இரவில் வையுங்கள். உபவாசத்துக்கும் அப்படியே. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரும் வெயிலில் குலை வெட்டுபவரும் வேலை நாளில் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் பேரோடு ஜெப விண்ணப்பம்

ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் விஷயம் ஒன்று ஜெபக் குழுவிலிருந்து சாமான் கடைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம் போதும். அதன்பின் அந்தக் குடும்பம் கூட்டத்துக்கு வராது. உரியவரின் அனுமதி இல்லாமல் பேர் போடாதீர்கள்.

காணிக்கை கொடுத்தால் கவலை போகும் என்பது

சொல்கிறவர் வீட்டுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டோம், இனி மருந்தெதற்கு என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். மனநோய் மருந்துகள் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, முன்னிலும் மோசமான பதற்றம் எல்லாம் வரும். குறைப்பதென்றாலும் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, வேலைக்கே போக முடியவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றால் ஜெபத்தோடு கூடவே அரசாங்கக் கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளிச் சீட்டு ஒரு வெள்ளிதான். தனியாக அனுப்பிவிடாமல் சபையிலிருந்து ஒருவர் கூடப் போய் வரிசையில் உட்கார வேண்டும். அதைவிட நல்ல ஜெப உதவி அன்றைக்கு இல்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், விளையாட்டுப் பேச்சென்று கடந்துபோகாமல் நேராகக் கேளுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. உடனடி ஆபத்தென்றால் 999.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைப்பது

எரிச்சல் தினமும் வருகிறது. ஆராதனை மட்டும் வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு நாள் பாரம் மூட்டையாகிவிடும். காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்புமுன் 3ஆம் சங்கீதம், இரவில் படுக்குமுன் 4ஆம் சங்கீதம். இரண்டும் எட்டெட்டு வசனம், வாய்விட்டு வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். நாலாம் சங்கீதத்தில் நாலாம் வசனம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். "நீங்கள் கோபங்கொண்டாலும், பாவஞ்செய்யாதிருங்கள்" என்று இருக்கிறது. அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர் பேரை அந்த இடத்தில் கர்த்தரிடம் சொல்லிவிட்டு, எட்டாம் வசனம் வரை போய், கைப்பேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.

முதல் ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. நடுவில் இரண்டு நாள் விட்டுப் போனால் அதற்கொரு தண்டனை ஜெபம் வேண்டாம், மூன்றாம் நாள் அதே சங்கீதத்திலிருந்து தொடங்கலாம்.

கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டுவது

ஆசீர்வாதம் சொன்ன கையோடு விளக்கை அணைக்காதீர்கள். தேநீரும் பிஸ்கட்டும் இருபது நிமிடம் போகட்டும். ஜெபத்தில் சொன்னதைக் கிளறாமல், மழை, குலை விலை, பிள்ளைகளின் பந்து விளையாட்டு என்று பேசுங்கள். வாயடைக்காமல் விட்ட அந்தச் செம்பனை அண்ணன் இரண்டாவது பிஸ்கட்டை எடுக்கிறாரா என்று பாருங்கள்.