மூட்டுவாதக் கேள்வித்தாளில் மதிப்பெண் எங்கே பிசகுகிறது?

"நீங்களே தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக்கொள்ள முடிகிறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் மருமகள்தான்" என்று பதில் வரும். உடனே 'முடியாது' என்று 3 போட்டுவிடுவார்கள். முடக்குவாத நோயாளிகள் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்பதை 0 (சிரமமில்லை) முதல் 3 (முடியாது) வரை அளக்கும் ஹெச்.ஏ.க்யூ. கேள்வித்தாளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது. செய்வதில்லை என்பது வேறு, முடியாது என்பது வேறு. மருமகள் ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சிரமப்பட்டுத் தானே அலசிக்கொள்வார் என்றால் 1. உதவி உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால் அந்தக் கேள்வி இருக்கும் பிரிவுக்கு 2 ஆகும். சுத்தமாக முடியாது என்றால்தான் 3.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளியான இந்தக் கேள்வித்தாளில் 20 கேள்விகள், 8 பிரிவுகள். இருபதையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள அதிகபட்ச மதிப்பெண்தான் அந்தப் பிரிவின் மதிப்பெண். அவற்றைக் கூட்டி, பதில் வந்த பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 8 பிரிவில் 7க்குத்தான் பதில் என்றால் 7ஆல். ஆறுக்கும் குறைந்தால் மதிப்பெண்ணே போடக் கூடாது.

கைத்தடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "நன்றாக நடக்கிறேன்" என்பவர் தடி ஊன்றித்தான் நடக்கிறார் என்றால், நடைப் பிரிவில் 0 அல்லது 1 இருந்தாலும் அது 2 ஆகிவிடும். ஏற்கெனவே 2, 3 என்றால் மாற்றம் இல்லை.

அப்புறம், கேள்வி கடந்த ஒரு வாரத்தைப் பற்றியது. போன தீபாவளிக்குப் படுக்கையில் கிடந்த கதை இதில் சேராது. வலி எவ்வளவு என்பதும் தனிக் கணக்கு.

மூலத்தில் தொட்டிக் குளியல், பால் அட்டைப்பெட்டி திறப்பது எல்லாம் உண்டு. பாக்கெட் பால் வாங்கி வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிப்பவரிடம் இதைக் கேட்டு என்ன பயன்? 2002இல் வெளியான இந்திய வடிவத்தில் 12 கேள்விகள்தான். குத்துக்கால் போட்டோ சம்மணமிட்டோ உட்காருவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது எல்லாம் அதில் வரும். எதை எடுத்தாலும் சரி, ஒரே நோயாளிக்கு நடுவில் மாற்றாதீர்கள்.

கடைசியாக, 1.5 இருந்தது 1.4 ஆனதற்கு மருந்து வேலை செய்கிறது என்று குதிக்க வேண்டாம். நோயாளி உணரக்கூடிய மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு சுமார் 0.22.