எல்லவுக்குப் போகிறவர்களுக்கு: மேகமும் ரயிலும் பார்த்து நாளை வகுப்பது எப்படி

எல்ல நகரம் என்பது ஏறத்தாழ ஒரே வீதிதான். இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,041 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்ன சிவனொளிபாதமலை, எல்ல ரொக் என்ற இரண்டு மலைகள், ஒன்பது வளைவுப் பாலம், இராவணா எல்ல அருவி எல்லாமே கிட்டக்கிட்ட இருப்பதால், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தூரக் கணக்கு சரியாக வரும். மேகக் கணக்குத்தான் காலை வாரிவிடும்.

ஊருக்குத் தெற்கே எல்ல ரொக்குக்கும் சின்ன சிவனொளிபாதமலைக்கும் நடுவில் மலை பிளந்து, வெல்லவாயப் பக்கத்துத் தாழ்நிலம் தெரிகிறது. வெயில் ஏறியதும் அந்தத் தாழ்நிலத்துச் சூடான காற்று இந்த இடைவெளி வழியாக மேலேறி, குளிர்ந்து மேகமாகிவிடும். காலை ஆறரைக்குத் தெளிவாக இருந்த காட்சி பத்து மணிக்கு வெறும் வெள்ளையாகிவிடுவது இதனால்தான். ஆகவே இரண்டு மலைகளையும் இரண்டு வெவ்வேறு காலைகளுக்கு ஒதுக்குங்கள். பாலம், தேயிலைத் தொழிற்சாலை, அருவி, சாப்பாடு எல்லாம் பகலுக்குப் போதும். இரண்டு இரவு தங்கினால் அவசரமில்லாமல் முடியும்.

மழை குறைவான மாதங்கள் பெப்ரவரியும் மார்ச்சும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழையும் மண்சரிவும் வரும். ஏப்ரலில் காலை நன்றாக இருந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். ஜூலை, ஓகஸ்டில் மழை குறைவு. ஆனால் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும், உச்சியில் தொப்பி தலையில் நிற்காது.

முதல் காலைக்குச் சின்ன சிவனொளிபாதமலை போதும். உயரம் 1,141 மீட்டர். ஊரிலிருந்து பசறை வீதியில் நடந்து, தேயிலைத் தோட்டத்துக்குள் திரும்பினால் உச்சி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பாதை அகலமானது, கடைசியில் மட்டும் படிக்கட்டு. சிறுவர்களும் ஏறிவிடுவார்கள். சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிப்பதால் ஐந்தே காலுக்கு அறையை விட்டுக் கிளம்பினால் சரி. டோர்ச் கட்டாயம்: தோட்டத்துப் பாதையில் விளக்கை எதிர்பார்க்காதீர்கள், நாய்கள் உண்டு. புத்தர் சிலை இருக்கும் முதல் உச்சியிலேயே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அதற்கப்பால் முகடு வழியே இன்னும் மேடுகள் உள்ளன. கூட்டம் குறைவு, காட்சி இன்னும் நன்றாக இருக்கும். இறக்கம் செங்குத்தாக, சரளை மண்ணோடு இருப்பதால் செருப்போடு போகாதீர்கள்.

எல்ல ரொக் வேறு கதை. ஏறத்தாழ 1,350 மீட்டர். போய்வர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எல்ல ரயில் நிலையத்திலிருந்து பண்டாரவளைப் பக்கமாகத் தண்டவாளத்திலேயே நடந்து கிதல்எல்ல நிலையம் வரை போகிறார்கள். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. வளைவுகளில் ரயில் வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும். ஓட்டோவில் கிதல்எல்ல வரை போய் அங்கிருந்து தொடங்கினால் பெரும்பகுதி ஆபத்தும் முக்கால் மணி நேரமும் மிச்சம். கிதல்எல்ல தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் இறங்கும் பாதை ஓடையைச் சிறு பாலத்தால் கடந்து, தேயிலைக்குள்ளும் ஆளுயரப் புல்லுக்குள்ளும் போகும். குழப்பம் இங்கேதான். கிளைப்பாதைகள் பல, எல்லாமே நன்றாக மிதிபட்டவை. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் போகும் வழியும் மலைக்குப் போகும் வழியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். “அந்தப் பாதை மூடியாச்சு, நான் கூட்டிப்போறேன்” என்று யாராவது வந்து நின்றால் உடனே நம்பாதீர்கள். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தால் வழிகாட்டி இல்லாமலே போகலாம். வழிகாட்டி வேண்டுமென்றால் முதல்நாளே தங்குமிடத்தில் சொல்லி, கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்.

கடைசி அரை மணி, முக்கால் மணி நேரம் யூக்கலிப்டஸ் காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், விழுவது இறங்கும்போது. காய்ந்த இலைகளும் பொடிமண்ணும் உருளைகள் மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டாகக் காலை வைத்து, மரவேர்களை மிதிக்காமல் இறங்குங்கள். ஈரவேர் பாசிக்கல்லை விட மோசம். அடியில் பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே கடை இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். உச்சியில் வேலி இல்லை. மேகம் மூடிய நேரத்தில் படத்துக்காகப் பின்னால் நகர்வது எல்லாவற்றையும் விட முட்டாள்தனம். ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் புல்வெளிப் பகுதியில் அட்டை நிச்சயம். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் காய்ந்த சவர்க்காரக் கட்டியை வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். உப்புத் தூள் ஈரத்தில் கரைந்துபோகும், சவர்க்காரம் கொஞ்ச நேரம் தாங்கும். அட்டை கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். ஒடுங்கிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செருகித் தள்ளினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நெடுநேரம் இருக்கும். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். அட்டையை விடக் குளவிக்குத்தான் அஞ்ச வேண்டும். தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடப்பது. கல்லெறிவது, புகை போடுவது, மரத்தை உலுக்குவது எதுவும் வேண்டாம்.

ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. 1921-இல் இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. நீளம் ஏறத்தாழ 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். ரயில் இல்லாத பாலத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவோர்தான் அதிகம். நேரப்பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், மலைநாட்டு ரயில் தாமதமாகும். எல்ல நிலையத்தில் “பண்டாரவளையை விட்டுட்டதா?” என்று கேளுங்கள். அங்கிருந்து எல்லவுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பசறை வீதிப் பக்கமிருந்து ஓட்டோவில் போய், காட்டுப் பாதையில் இறங்கிவிடலாம். மழைக்குப் பிறகு அந்தக் களிமண் பாதை வழுக்கும். தண்டவாளத்தில் நின்று படமெடுப்பதை விட, எதிர்ச் சரிவில் தேயிலைக்கு மேலே நின்றால் பாலத்தின் வளைவு முழுதாகத் தெரியும். நேரமிருந்தால் தெமோதரைக்கும் போங்கள். அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாகப் போகிறது.

தேயிலைத் தொழிற்சாலை பார்ப்பதானால் காலையில் போங்கள். பகலில் பறித்த கொழுந்தை இரவெல்லாம் வாட்டி, விடியலில்தான் அரைக்கத் தொடங்குவார்கள். ஞாயிறு பறிக்காத தோட்டத்தில் திங்கள் காலை இயந்திரம் சும்மா நிற்கும். இந்த ஊவா மாகாணத்துத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் பறிக்கும் கொழுந்துதான். வாங்குவதானால் அந்தப் பருவத்துத் தூளா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டங்களில் தமிழிலேயே பேசலாம். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள்: நிறுவைக்கு முன் கூடையை நிரப்ப வேண்டிய நேரத்தில் அவர்களை நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

இராவணா எல்ல அருவி வெல்லவாய வீதியோரத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். பாறை வழுக்கும், ஏற வேண்டாம். 220 மீட்டர் உயரத் தியலும அருவிக்கு அரைநாள் தனியாக வேண்டும். எல்லவிலிருந்து இறங்கும் வெல்லவாய வீதி செங்குத்தும் வளைவுமானது. 2025 செப்டெம்பரில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் ஒன்று இரவில் அங்கே பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

கண்டிப் பக்கம் ரயிலில் திரும்புவதானால், பாதை முழுதும் திறந்திருக்கும் காலத்தில் ஆறேழு மணி நேரம். முன்பதிவு கிடைக்காவிட்டால் எல்லவில் ஏறி நின்றுகொண்டு போகாதீர்கள். பஸ்ஸில் பதுளைக்குப் போய், ரயில் புறப்படும் இடத்திலேயே ஏறினால் மூன்றாம் வகுப்பில் சன்னலோர இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். கனமழை பெய்த வாரமாக இருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.