ஆடியில் ஊருக்குப் போனால் மன்னாரில் பறவை பார்க்கலாம்

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துத்தான் வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் ஊருக்குப் போகிறோம். அதனால் யூலை, ஓகஸ்ட் தவிர வேறு மாதம் கிடைப்பதில்லை. "பறவை பார்ப்பதென்றால் மார்கழி, தையில் வாருங்கள்" என்பார்கள். வலசை வாத்துகளுக்கும் பெரிய பூநாரைக் கூட்டங்களுக்கும் அது சரி. வடக்கின் இன்னொரு பறவை இடமான சுண்டிக்குளத்தையும் அந்தக் காலத்துக்கே விட்டுவிடுங்கள். ஆனால் இலங்கையின் மற்றப் பக்கங்களில் காணக் கிடைக்காத சில பறவைகள் மன்னாரில் வருடம் முழுக்க இருக்கின்றன. சில, இந்தக் கோடையில்தான் முட்டையிடுகின்றன. இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி ஏ32 வீதியால் போகலாம். கொழும்பிலிருந்தென்றால் தலைமன்னார் ரயில் இருக்கிறது. முதல் நாளே போய்த் தங்கி, விடிய ஐந்தரைக்கு ஓட்டோ சொல்லி வையுங்கள். இது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம். வெய்யில் ஏறினால் காற்று புழுதியை வாரி அடிக்கும், கானலில் தூரத்துப் பறவை நெளிந்து தெரியும். ஒன்பதரைக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தடியில் தொடங்குங்கள். அதையொட்டிக் கிடப்பது வங்காலைச் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வலசை வந்த உள்ளான் என்னும் கரைப்பறவைகளில் முதல் வருட இளசுகள் சில வடக்கே திரும்பாமல் கோடையிலும் இந்தச் சேற்றிலேயே நிற்கும். ஓகஸ்டில் புதிதாக வந்து இறங்குபவை சிலவற்றின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் இன்னும் மங்காமல் இருக்கும். மார்கழியில் வருகிறவர்களுக்கு அந்த நிறம் கிடைக்காது. வழியில் இராணுவ முகாம்கள் உண்டு, அந்தப் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம்.

அப்புறம் வீதியோரத்தைப் பாருங்கள். மாட்டின் முதுகில் இருந்துகொண்டு, மாடு நடக்கக் கிளம்பும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்ப அதே முதுகில் வந்து குந்தும் இரட்டைவால் கரிச்சான். கழுத்தில் வெய்யில் பட்டால் கறுப்புக்குள் நீலம் ஓடும். நம் அம்மம்மாமாருக்கு அது தினமும் பார்த்த குருவி. ஆனால் இலங்கையில் அது வடக்கு, வடமேற்குக் கரையோரத்தை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. தெற்கிலிருந்து இதற்காகவே மன்னாருக்கு வருகிறார்கள். கவுதாரியும் நீளவால் கீச்சானும் அப்படித்தான்.

அதிர்ஷ்டம் இருந்தால் நண்டுண்ணியையும் காணலாம். வெள்ளை உடம்பு, கறுத்த முதுகு, தடித்த கறுப்பு அலகு, நீண்ட சாம்பல் கால்கள். கரைப்பறவைகளில் மணலுக்குள் சுரங்கம் தோண்டி, பெரும்பாலும் ஒரேயொரு வெள்ளை முட்டையிடுவது இது மட்டுந்தான். மணலின் சூடே பாதி அடைகாத்துவிடும். ஓமான், ஈரான் கரைகளில் கூடு வைக்கும் இந்தப் பறவை, இங்கே தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கிடக்கும் ஆதாம் பால மணல் தீடைகளில் சிறு எண்ணிக்கையில் குஞ்சு பொரிக்கிறது.

அதே தீடைகளில்தான் ஆலா என்னும் கடற்பறவைகள் பல வகையும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. 2015 முதல் அந்தத் தீடைப் பகுதி தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் மீனவர் வள்ளத்தில் போய் இறங்கிவிடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் கூடு இருக்கும் காலத்தில் கால் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நாம் நடந்தால் தாய் எழும்பும். உச்சி வெய்யிலில் கொஞ்ச நேரம் மூடாமல் கிடந்தாலே முட்டை வெந்துவிடும்.

தலைமன்னார் பழைய இறங்குதுறைப் பக்கம் நின்றே ஆலாவைப் பார்க்கலாம். ஒன்று தலைகீழாய்க் கடலில் விழுந்து எழும்பும். பிடித்த மீனை விழுங்காமல், அலகில் குறுக்காக வைத்தபடி தீடைப் பக்கம் நேரே பறந்தால் அங்கே குஞ்சு காத்திருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், ஒவ்வொரு ஆலாவின் அலகையும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

திரும்பும்போது நேரமிருந்தால் கட்டுக்கரைக் குளத்துக்குப் போங்கள். தண்ணீர் வற்றிய இடங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நெருங்கி நிற்கும். வாத்து தெரிந்தால் அலகை உற்றுப் பாருங்கள். கறுத்த அலகின் நுனி மட்டும் மஞ்சள் என்றால் அது புள்ளிமூக்கு வாத்து. இலங்கையில் அதைத் தேட மன்னாரை விட நல்ல இடம் இல்லை.