கடலோரப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், மூக்கையூர் பக்கம் புதிய முகங்களைப் பார்க்கிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் ஊர்க்காரர்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும், கடலில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் பிள்ளைகளும் கல்லூரி வரை போக வேண்டும் என்ற அக்கறை அவர்களிடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எங்கள் மாலை வகுப்புக் குழுவும் தொடக்கத்தில் இவற்றில் சிலவற்றைச் செய்ததுதான். ஒவ்வொரு புதுக் குழுவும் மறுபடி அதே விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த விலையைக் கொடுப்பது குழு அல்ல, பிள்ளைகள்.

வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுப்பது, கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பிப்பது இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. இ-சேவை மையத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி இளநிலைப் படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அதற்கு முந்தைய வருடங்களில் அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இதில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முக்கியமான நிபந்தனை இதுதான்: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். தீவுப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அம்மா பாசி எடுக்கப் போகிறவர். நல்ல மனிதர்கள் சிலர் சேர்ந்து, “இந்தப் பள்ளியில் இருந்தால் வீணாகிவிடுவாள்” என்று முடிவு செய்து, வெளி மாவட்டத்தில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடக் கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள். அவளும் உழைத்துப் படித்தாள், நீட் எழுதினாள். வந்த மதிப்பெண் பொதுக் கலந்தாய்வுக்குப் பற்றவில்லை. அதே வருடம் 7.5 ஒதுக்கீட்டில், அவளுடைய சமூகப் பிரிவிலேயே அவளைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்தது. ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அவள் இப்போது மதுரையில் கட்டணம் கட்டி வேறு படிப்பு படிக்கிறாள்.

அவளுடைய அம்மா என்னிடம் கேட்டது: “ஃபீஸ் கட்டினவுக நல்லவுகதான் சார். ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே?”

கட்டணம் கட்டியவர்களிடம் இதைச் சொன்னபோது, “இவ்வளவு செலவு செய்தோமே” என்றார்கள். செலவு செய்தது உண்மை. அந்தச் செலவுதான் அவளுக்கு இருந்த உரிமையை எடுத்துவிட்டது.

இதைவிடச் சத்தமில்லாமல் ஆறாம் வகுப்பிலேயே இது நடந்துவிடுகிறது. இந்தக் கடற்கரையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் பல இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மீனவர் வீடுகளைப் படிக்க வைத்த பள்ளிகள் அவை, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 7.5 கணக்கில் உதவிபெறும் பள்ளி சேராது. ஆறிலிருந்து எட்டு வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தாலும் போனது போனதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு டி.சி. வாங்கும்போது யாருக்கும் மருத்துவக் கல்லூரி ஞாபகம் வருவதில்லை.

குழப்பம் அதிகமாவதற்கு இன்னொரு காரணம், திட்டத்துக்குத் திட்டம் கணக்கு மாறுவது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் முடித்த பிள்ளைக்கு 7.5 ஒதுக்கீடு உண்டு. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே பள்ளி மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி, அம்மா அப்பா இரண்டு பேரையும் உட்கார வைத்து, எது கிடைக்கும் எது போகும் என்று வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் தனியார் பள்ளிதான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், சரி, அது அவர்கள் முடிவு. மறைத்துவிட்டு அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

ஊர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை, அதனால்தான் மாற்றினோம் என்பார்கள். நியாயமான கவலைதான். அதற்கு அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாற்றலாம். மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி தங்கும் வசதியோடு இருக்கிறது. வேறு ஊரில் பள்ளி என்றால் அரசு விடுதி இருக்கிறது, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தனியார் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்காகக் கட்டும் பணத்தில், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக ஒரு ஆசிரியரை நியமித்தால் வகுப்பு முழுவதுக்கும் பாடம் நடக்கும்.

கலாம் கதையைச் சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடுவது

ராமேஸ்வரத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதி ஆனார் என்பதோடு பேச்சாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அவருடைய அக்கா ஜொஹ்ரா தன் நகையை அடகு வைத்ததையும் சொல்லுங்கள். அப்புறம், அடகு வைக்க நகை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்று என்ன வழி என்பதையும் சொல்லிவிட்டு இறங்குங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். இதில் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். அந்தத் தேர்வுக்கு ஒரு சில வாரம் பயிற்சி கொடுப்பது ஒரு மணி நேரப் பேச்சைவிட அதிகம் பயன் தரும்.

நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுப்பது

எடுக்காதீர்கள்.

வராத பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுவது

அம்மா விடியும் முன்னே பாசிக்குப் போய்விட்டால், தம்பி தங்கைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் மூத்த பெண் வருவாள். படகு கரை சேர்கிற காலையில் வலையிலிருந்து மீனையும் நண்டையும் பிரித்தெடுக்கப் பையன்கள் போய்விடுவார்கள். பட்டியலில் பெயரை அடிப்பதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்ன பிறகு எங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகள் தவறாமல் வரத் தொடங்கினார்கள்.

அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருப்பது

அப்பா நடுக்கடலில் இருக்கலாம், இலங்கைச் சிறையிலும் இருக்கலாம். அம்மாவின் கையெழுத்து செல்லும் இடத்தில் அவரைக் கேட்டு நிற்க வேண்டாம்.

மண்டபம் முகாம் பிள்ளைகளுக்கும் அதே வாக்குறுதியைக் கொடுப்பது

மண்டபத்தில் இருப்பது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அங்கிருந்து வரும் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படிக்கிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. “நீ டாக்டர் ஆகலாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். குடியுரிமை கேட்கும் கட்டத்தில் அந்தப் பிள்ளை வந்து நிற்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. கல்லூரியில் படிக்கும் முகாம் மாணவர்களுக்கு அரசு தனியாக உதவித்தொகை தருகிறது. எந்தப் படிப்பில் கதவு திறந்திருக்கிறது என்று மறுவாழ்வுத் துறையில் முதலில் கேளுங்கள், பிறகு பிள்ளையிடம் பேசுங்கள்.

61 நாளை மறப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். பிளஸ் டூ முடிவு, கலந்தாய்வுப் பதிவு, கலைக் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் வருவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். ஆனால் நம்முடைய அறக்கட்டளைகள் விண்ணப்பத்தை ஜூலையில் வாங்கி, ஆகஸ்டில் சரிபார்த்து, செப்டம்பரில் காசோலை தருகின்றன. அதற்குள் வீட்டில் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள், அல்லது படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்த முன்பணம் கழியும் வரை அண்ணன்காரன் அந்தப் படகை விட்டுப் போக முடியாது. தங்கை கல்லூரிக்குப் போக, அண்ணன் தன் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போன வீடுகளை எனக்குத் தெரியும். பணம் தருவதாக இருந்தால் மே மாதத்தில் கையில் கிடைக்கிற மாதிரி தாருங்கள். தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இதே தடைக்காலத்தில்தான் அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள். பகலில் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், பேச நேரம் இருக்கும். வீடு வீடாகப் போவதற்கு அதுதான் சரியான சமயம். பிளஸ் டூ முடித்த வீடுகளுக்கு எப்படியும் போவீர்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு அதற்கும் முன்னால் போங்கள், டி.சி. வாங்குவதற்குள்.